சணல் சாப்பிடுவதில்லை

ஜூன் 3

தங்கச்சிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் மேலே படி. கடை விஷயமாக எழுதவில்லை. உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடவும் எழுதவில்லை. சணல் சாப்பிடுவதில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள்.

என் நம்பரிலிருந்து கூப்பிட்டால் உன் போன் அடிக்காது என்று தெரியும். பக்கத்துக் கடையிலிருந்து கூப்பிடலாம்தான். பின்வாசல் வழியாக நுழைகிற பழக்கம் எனக்குக் கிடையாது, அதனால் தபால். முகவரியைக் கொடுத்தவர் உன்னுடைய அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி. பத்து வருஷம் நம்மிடம் சாக்கு எடுத்த மனிதர், கேட்டதும் கொடுத்துவிட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு பதினாலு மாதமாக நாய்க்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தவர் மூட்டைக்காரர். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். தட்டை வைப்பார், போய்விடுவார். சணலும் தின்றுவிட்டுக் கிடங்கு வாசலில் படுத்துக்கொள்ளும். குடலிறக்கம் என்று போன மாதம் அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இனிமேல் பாரம் தூக்கக் கூடாதாம். அன்றிலிருந்து நான்தான் வைக்கிறேன்.

முதல் வாய் எடுக்கிறது. அதோடு சரி. ரெண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கிறது. ஏதோ நான் எடை குறைத்து வைத்த மாதிரி. தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய் மத்தியானம் வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. எறும்புதான் தின்கிறது.

சாக்கு நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தேன். இருபத்தாறு கிலோ இருந்த நாய், இன்று இருபத்திரண்டரை. எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீ வளர்த்தது. என்ன செய்யலாம் என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அண்ணன்


ஜூன் 8

அண்ணன் அவர்களுக்கு,

வேறெதுவும் எழுத வேண்டாம் என்கிறீர்கள். எழுதத்தான் போகிறேன்.

நான் கிளம்பிய அன்று சணலை என்னோடு அழைத்துப் போகிறேன் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதிலை லாரிக்காரர், மூட்டைக்காரர், சாக்கு தைக்கிற பெண்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். "நாய் கடைச் சொத்தும்மா. தராசு மாதிரி, தார்ப்பாய் மாதிரி. போறவங்க கையில எடுத்துட்டுப் போக முடியாது." பதினோரு வருஷம் அந்தக் கிடங்கை நான் பார்த்தேன். நான் புதுச் சாக்கு என்று வாக்குக் கொடுத்த இடத்துக்கு எனக்குத் தெரியாமல் பழையதை அனுப்பினீர்கள். அதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். தராசு மாதிரி என்றீர்களே, அதை மறக்க மாட்டேன்.

நான் விட்டுவிட்டு வந்தது உங்களை. சணலை அல்ல. இது உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அதற்குப் புரியவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். கேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் போக மாட்டேன் என்று தெரிந்து நான் திரும்பாமல் நடந்தேன். பதினாலு மாதம் மூட்டைக்காரரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது அவரும் இல்லை. வேறென்ன செய்யும்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. இங்கே மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர். நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உடனே செய்ய வேண்டியது. கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டு போங்கள். பல், ஈறு, தொண்டை பார்க்கச் சொல்லுங்கள். எலி மருந்து எங்காவது கிடக்கிறதா என்று கிடங்கு முழுக்கத் தேடுங்கள். நாலாவது அடுக்குக்குப் பின்னால் சுவரோரம் குனிந்து பாருங்கள், உங்களுக்கு முழங்கால் வலிக்கும், இருந்தாலும் குனியுங்கள்.

ரெண்டு அடி பின்னால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடிபடவில்லை. பசியில்லாத நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். பின்னால் போய் உட்காராது. சாப்பாடு வைக்கும்போது என்னென்ன நடக்கிறது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். உங்கள் வழக்கப்படி சுருக்கி எழுதாதீர்கள்.

தங்கை என்று கையெழுத்துப் போட இன்னும் மனம் வரவில்லை.


ஜூன் 13

தங்கச்சிக்கு,

சுருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய். சரி.

எலி மருந்து இல்லை. நாலாவது அடுக்குக்குப் பின்னால் குனிந்தேன், எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. செத்த எலி ஒன்று, உன் பழைய செருப்பு ஒன்று. வேறொன்றுமில்லை.

டாக்டரம்மாவிடம் மூன்று தடவை போயாகிவிட்டது. பல் நன்றாக இருக்கிறது. தொண்டை நன்றாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை. ஊசி வழியாகச் சத்து ஏற்றினார். பிறகு ஒன்று நடந்தது, அதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த அம்மா மேசை டப்பாவைத் திறந்து ரெண்டு பிஸ்கட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். சணல் தின்றது. மொறுமொறுவென்று, ரெண்டையும். "நல்லாத்தானே சாப்பிடுது, வீட்ல என்ன பிரச்சினை?" என்று என்னைக் கேட்டார். "எனக்கும் அதுக்கும் ஆகாதுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அதே பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். என் கையில் ஒன்றைக் கவ்வியது. அடுத்தது, ரெண்டு அடி பின்னால்.

இப்போது சாப்பாடு வைக்கிற விதம். காலையில் கடை திறந்ததும், சாக்குக் கட்டுகளை இறக்குவதற்கு முன், தைக்கிற மேசைக்குக் கீழே தட்டை வைக்கிறேன். வேகவைத்த கோழி, எலும்பு எடுத்தது, நானே பிய்த்துப் போடுவேன். பிறகு பக்கத்தில் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்துகொள்வேன். சும்மா இருக்க மாட்டேன், பேசுவேன். ஆள் இல்லாத நேரம்தான், தைக்கிற பெண்கள் பார்த்தால் சிரிப்பார்கள். "வாடா ராசா. எனக்காக ஒரு வாய். முழுசும் வேணாம்டா, ரெண்டு வாய் தின்னா போதும். அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? போதும்டா, இவ்வளவு தின்னாலே போதும்." இப்படியேதான் தினமும். முப்பது வருஷத்தில் எந்த வாடிக்கையாளரையும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை.

வேறென்ன? தண்ணீர் குடிக்கிறது. வாலை ஆட்டுகிறது. கூப்பிட்டால் வருகிறது. அதுதான் புரியவில்லை. என்னைப் பிடிக்காவிட்டால் வராமல் இருக்கலாம் அல்லவா? வந்து தட்டுக்கு முன்னால் நின்று, எச்சில் ஒழுகுகிறது, தின்ன மாட்டேன் என்கிறது. எச்சில் ஒழுகுகிறது தங்கச்சி. பசியில்லாத வாயில் எச்சில் ஒழுகுமா?

இன்று பத்தொன்பது கிலோ. தராசில் ஏறும்போது பின்கால் நடுங்கியது. முள் நிற்கும் வரை அசையாமல் நின்றது, நீ பழக்கியபடி.

நீ எழுதியது சரியாகத்தான் இருக்கும். உன் ஏக்கம்தான். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் நாலு நாய் வளர்க்கிறாராம். என்னிடம் சாவதற்கு அங்கே போய் இருக்கட்டும் என்று தோன்றுகிறது. நீ சரி என்றால் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன்


ஜூன் 17

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நானே கூப்பிட்டேன், இப்போதுதான் போனை வைத்தேன். கம்பெனி வராந்தாவில், பெட்டிகள் அடுக்கியிருக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் நான் கத்தியது உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். பதினாலு மாதம் கழித்து, "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று ஒருத்தி அழுதால் யாருக்குத்தான் புரியும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

சணலை ஒரு வயதுக் குட்டியாக நான் கிடங்குக்குக் கொண்டு வந்தபோது சுவரோரமெல்லாம் எலி மருந்து வைத்திருந்தோம். சாக்கை எலி கடித்தால் நமக்குப் பிழைப்பில்லை, மருந்தை எடுக்க நீங்கள் விடவில்லை. நாயோ தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும். ஆகவே ஒரு சொல் பழக்கினேன். அந்தச் சொல்லைக் கேட்டால் வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு ரெண்டு அடி பின்னால் போய் உட்கார வேண்டும். அந்தப் பண்டத்தை அதற்குப் பிறகு தொடக் கூடாது, யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் தொடக் கூடாது. நீங்கள் கொள்முதலுக்குப் போன ஒரு மாதத்தில் பழக்கி முடித்தேன். திரும்பத் தொடலாம் என்றால் "ரைட்" என்பேன், லாரி பின்னால் எடுக்கும்போது சொல்வோமே, அதே குரலில்.

என்ன சொல்லைப் பழக்குவது என்று நான் பல நாள் யோசித்தேன். 'வேண்டாம்' என்று நீங்கள் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்வீர்கள். 'விடு', 'நிறுத்து', 'போடு' எல்லாம் லோடு ஏற்றுகிற இடத்தில் ஓயாது கேட்கும். கிடங்கில் ஒருவர் வாயிலும் தவறிக்கூட வராத சொல் வேண்டும். காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு லாபம் வந்தாலும், எத்தனை லாரி நின்றாலும், உங்கள் வாயில் வராத சொல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'போதும்.'

அப்போது எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. தைக்கிற பெண்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

அது ஏங்கிப் போய்ப் பட்டினி கிடக்கவில்லை அண்ணா. என்னை நினைத்துத்தான் என்று நான் எழுதினேனே, அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இப்போது வெட்கமாக இருக்கிறது. முதல் வாய் எடுக்கும்போது நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள். அது நிறுத்திவிடுகிறது. தினமும். எச்சில் ஒழுக, இருபத்தாறு நாளாக, சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

போனில் சொன்னதுதான், இனியும் புதுத் தட்டில் புதிதாக வையுங்கள். "ரைட்" என்று சொல்லுங்கள். ஒரே தடவையில் நிறைய வைக்காதீர்கள், வெறும் வயிறு தாங்காது. டாக்டரம்மாவைக் கேட்டு அளவாக வையுங்கள். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

தங்கை


ஜூன் 21

தங்கச்சிக்கு,

நீ போன் செய்த அன்று நடந்ததை எழுதுகிறேன். பேசினால் ஏதாவது ஏடாகூடமாக வந்துவிடும், காகிதத்தில் என்றால் அடித்துவிட்டு எழுதலாம்.

போனில் "அது காதுக்கிட்ட வைங்க, நான் சொல்றேன்" என்றாய். வைத்தேன். நீ "ரைட், ரைட்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். சணல் போனைப் பார்க்கவில்லை. எழுந்து தள்ளாடிக்கொண்டு கேட்டுக்குப் போய், வெளியே பார்த்துக்கொண்டு நின்றது. இதை உன்னிடம் அப்போது சொல்ல என்னால் முடியவில்லை. "சரி, சாப்பிடுது" என்று பொய் சொன்னேன். நான் சொன்ன பொய்களில் எனக்கு லாபமில்லாத பொய் அது ஒன்றுதான்.

பிறகு புதுத் தட்டு வாங்கி வந்தேன். வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரைட்" என்றேன். அது என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு தட்டோடு விழுங்குவதுபோல் தின்றது. நான் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். தைக்கிற பெண்களில் மூத்தவள், "என்னண்ணே, தூசியா?" என்றாள். "ஆமா, சணல் தூசி" என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கடிதமாக இருந்திருக்கும். முடியவில்லை. மறுநாள் வாந்தி எடுத்தது. அதில் நூல் வந்தது. டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் உருண்டையாக ஏதோ இருக்கிறது. பசி தாங்காமல் சாக்கு மூலையைக் கடித்துத் தின்றிருக்கிறது. தட்டில் இருந்ததைத்தான் தொடக் கூடாது; சாக்கைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. சணல் சணலைத் தின்றுகொண்டிருந்தது, நான் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோழியைத் தின் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். இப்போதே மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காது, உடம்பில் சத்து இல்லை என்கிறார். வழி இன்னும் அடைபடவில்லை என்பதால் நீராகாரமாகக் கொடுத்துக் கொஞ்சம் தேற்றி, முப்பதாம் தேதி காலை அறுக்கலாம் என்கிறார். அதற்குள் அடைத்துக்கொண்டால் உடனே அறுக்க வேண்டும். "பாதிக்குப் பாதி. அதுக்கு மேல நான் சொல்ல முடியாது" என்றார். நான் பேரம் பேசிப் பார்த்தேன். "அறுபது சொல்லுங்கம்மா" என்றேன். அவர் படிவத்தை எடுத்து நீட்டினார்.

இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இடத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். நீ போட வேண்டிய இடம் அது. கடைச் சொத்து என்று நான் சொன்னது ஏன் என்று உனக்கு இப்போதாவது சொல்கிறேன். நாயைப் பிடித்து வைத்தால் ஒரு மாதத்தில் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். சரக்கைப் பிடித்து வைத்து ஆளை வரவழைப்பது எனக்குப் பழக்கம். உன்னிடம் அது செல்லவில்லை, நாய்தான் மாட்டிக்கொண்டது.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. நேரில் வந்தால் இன்னும் நல்லது. பிழைத்தால் நீ கூட்டிக்கொண்டு போ. நாய் வைத்துக்கொள்ள விடுகிற வீடாக நானே பார்த்துத் தருகிறேன். பழைய சாக்கு விஷயத்தில் நான் செய்தது தப்பு. இதைச் சேர்த்து எழுதினால் நாய்க்காக இறங்கி வருகிறேன் என்று நினைப்பாய். நாய்க்காகத்தான். ஆனாலும் தப்புதான்.

இன்று பதினெட்டே கால்.

அண்ணன்


ஜூன் 30, காலை
கிடங்கு மாடி

அண்ணா,

கீழே நீங்கள் வண்டிக்காக நிற்கிறீர்கள், நான் மேலே உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வந்து ரெண்டு நாள் ஆகிறது, ரெண்டு பேரும் ரயில் தாமதம், டாக்டரம்மா கட்டணம், மழை இவற்றைத் தவிர எதையும் பேசவில்லை. நேருக்கு நேர் வராதது காகிதத்தில் வந்து பழகிவிட்டது.

படிவத்தை இத்துடன் திருப்பித் தருகிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. கோபத்தில் என்று நினைக்காதீர்கள்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். அந்தச் சொல்லை நான் பழக்கியது என் குரலுக்கு மட்டும். மூட்டைக்காரர் ஒரு நாள் விளையாட்டாகத் தட்டுக்கு எதிரில் நின்று "போதும், போதும்" என்று சொல்லிப் பார்த்தார். அது காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, முழுதும் தின்றுவிட்டு அவர் கையையும் நக்கியது. தைக்கிற பெண்களும் முயற்சி செய்து பார்த்தார்கள். யார் சொல்லும் எடுபடவில்லை. நாய் அப்படித்தான். எல்லோரிடமும் வாலை ஆட்டும், ஒருவர் சொல்லுக்குத்தான் வாயில் இருப்பதைப் போடும்.

உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்குப் புரிந்தது ரெண்டு. ஒன்றைப் போனில் சொன்னேன். மற்றதை வைத்துக்கொண்டேன். நீங்கள் அதற்கு ஒரு நாளும் எதையும் பழக்கியதில்லை. போன மாதம் வரை ஒரு வேளைச் சோறுகூட வைத்ததில்லை. அப்படியிருந்தும் எப்போது உங்களைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு வருஷம் உங்கள் மேசைக்கடியில் படுத்ததே, அப்போதா? நான் போன பிறகா? அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் கிண்ணத்தில் நீராகாரம் வைத்தீர்கள். என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டே குடித்தது. நீங்கள் லாரிக்காரரோடு பேச வாசல் பக்கம் போனீர்கள். எனக்கு என்ன தோன்றியதோ, மெதுவாகச் சொன்னேன், "போதும்" என்று. செய்யக் கூடாததுதான். குடிப்பதை நிறுத்தியது. பின்னால் போகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தலையைத் திருப்பி வாசலில் நின்ற உங்களைப் பார்த்தது. நீங்கள் லாரிக்காரருக்கு ஏதோ தலையை ஆட்டினீர்கள். அது திரும்பவும் குடிக்க ஆரம்பித்தது.

ஆகவே அந்த இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். தராசுச் சீட்டில் போடுவதுபோல் கிறுக்காமல் தெளிவாகப் போடுங்கள்.

உள்ளே ஒரு ஆளைத்தான் விடுவார்களாம். நீங்கள் போங்கள், நான் தாழ்வாரத்தில் இருப்பேன். ஒரு வார விடுப்பு எடுத்திருக்கிறேன், எங்கேயும் ஓடிவிட மாட்டேன். ஊசி போடும்போது தலைமாட்டில் நில்லுங்கள். உங்கள் முகம் அதற்குத் தெரிய வேண்டும். டாக்டரம்மா வெளியே போகச் சொன்னாலும் கண் மூடும் வரை நகராதீர்கள். உங்களுக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும், கத்தி எடுப்பதற்கு முன் வந்துவிடலாம்.

முடிந்து மயக்கம் தெளிகிற நேரத்தில் மறுபடி உள்ளே விடச் சொல்லிக் கேளுங்கள். விடாவிட்டால் கதவுக்கு வெளியிலிருந்து சத்தமாகச் சொல்லுங்கள், யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. எழுந்து வரச் சொல்லுங்கள் அண்ணா. நீங்கள் சொன்னால் கேட்கும்.

தங்கை